மூன்றாம் பக்கத்தில் மாசிலாமணி அண்ணன்

போன வாரம் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டேன்.

பதறாதீர்கள். ஆள் நலம். சொல்கிறேன்.

நானும் இரண்டு தோழிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை கொண்டுவருகிறோம் என்று முன்பே இங்கே புலம்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் பிரஸ்ஸில் முந்நூறு பிரதி அடித்து, பாதியை என் கட்டிலுக்கடியில் அடைகாப்பேன். இப்போது பிரின்ட் ஆன் டிமாண்ட். ஃபைலை அச்சு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் போதும். யாராவது ஆர்டர் போட்டால்தான் ஒரு பிரதி அச்சாகும். நேராக அவர் வீட்டுக்கே போய்விடும். கட்டிலுக்கடியில் காற்றோட்டம் வந்துவிட்டது!

எங்கள் புரூஃப் ரீடர் மாசிலாமணி அண்ணன். எங்கள் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மணிவிழா. மூன்றாம் பக்கம் முழுக்க வாழ்த்து போட்டு மனிதரை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். முன்கூட்டியே தெரியக்கூடாது அல்லவா? அதனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டவில்லை.

புரிந்துவிட்டதா? இதழிலேயே அவர் கண் படாத ஒரே பக்கம் அதுதான்.

போன இதழின் ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே அடுத்த இதழைச் செய்வது எங்கள் பழக்கம். போன இதழில் மூன்றாம் பக்கம் ஓர் அஞ்சலி. போட்டோவை மாற்றினேன். பெயரை மாற்றினேன். உருகி உருகி வாழ்த்து எழுதினேன். அடியில் இருந்த வரியை மட்டும்... விட்டுவிட்டேன்.

'அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்.'

வியாழக்கிழமை காலை, காபியோடு தளத்தைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஆறு மாதம் முன்புதான் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து யாராவது தும்மினால்கூட செல்வி அண்ணி அவரை வாசல் தாண்ட விடுவதில்லை. இந்த மணிவிழாவே அண்ணி வேண்டிக்கொண்டு நடத்துவது. அண்ணி கையில் இந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால்?

ஐந்தே நிமிடத்தில் ஃபைலை மாற்றினேன். இனி அச்சாவதெல்லாம் சரி. பழைய ஃபைலில் எத்தனை போயிருக்கிறது? திரையில் பார்த்தேன். ஒன்று. அனுப்பியாகிவிட்டது. யாருக்கு? பெயர் காட்டாது; ஊர் மட்டும்தான். புதுச்சேரி, எங்கள் ஊரேதான்.

"ஒரு காப்பிதானடி, வுடு" என்றாள் தோழி கலா. எப்படி விடுவது? முந்நூறு போயிருந்தால் ஊரே சிரித்து மறந்திருக்கும். ஒன்றே ஒன்று என்பதுதான் பயமே — அது யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை, முத்தியால்பேட்டை மண்டபம். வாசலில் செல்வி அண்ணி. "வா வா, இன்னாடி இப்டி எளைச்சிட்ட? மொதல்ல போய் சாப்டு" என்றார். அப்படியானால் அவருக்குத் தெரியாது. பாதி உயிர் வந்தது.

மாலையும் கழுத்துமாக அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"மொத காப்பி எப்பவும் நான்தாம்மா வாங்குவேன். அச்சுல எப்டி வந்துருக்குன்னு பாக்கணும்ல? கம்பெனி பழக்கம்."

"அண்ணே... அண்ணி பாத்தாங்களா?"

"கொரியர்காரன் என் கையிலதான் குடுத்தான். அவ பாத்துருந்தா நீ இந்த வாசப்படி ஏறியிருப்பியா?"

சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அப்பாடா! சடங்கைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்து யாரோ ஒரு பெண்மணி முதுகைத் தடவிக்கொடுத்தார். மூன்று நாள் பசிக்கு இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்தக் கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் அண்ணனின் அழகான கையெழுத்து:

"இப்போதைக்கு நீக்கவும்."