அண்ணனின் நாற்பத்தொரு இடங்கள்

அந்தக் கடைக்காரர் முதலில் என் அண்ணனின் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, விரலிடுக்கில் மணல். பிறகு என் இன் செய்த சட்டையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரமும் என்னிடம்தான் பேசினார்.

எனக்கு அது புதிதில்லை. தி. நகரில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடமாகப் புடவை விரித்துப் போடுகிறவன் நான். உள்ளே நுழைகிறவர்களின் காலைப் பார்த்தே எந்த அடுக்கிலிருந்து எடுத்துப் போடுவது என்று முடிவு செய்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைக் கற்றுக்கொள்வோம். ஆனாலும் என் அண்ணனை இன்னொருவர் அப்படி எடை போட்டபோது எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அண்ணன் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறான். சொந்த ஃபைபர் படகு, தூண்டில் மீன்பிடி. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினாலே வாந்தி. அதனால் படித்தேன், சட்டையை இன் செய்தேன், மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். அண்ணன் கடலில் சம்பாதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தான்.

அவனிடம் உள்ளங்கை அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தது. கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், கடலுக்கு அடியில் பாறை இருக்கிற இடங்களில்தான் சங்கரா, களவா மாதிரி மீன்கள் கூடும். மேலே இருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர்தான். தூண்டில் நல்ல இடத்தில் விழுந்துவிட்டால் உடனே ஒரு பொத்தானை அழுத்தி அந்த இடத்தைக் கருவியில் பதிந்துகொள்வான். அதைப் பாயிண்ட் என்பார்கள். பதினோரு வருடத்தில் அண்ணன் நாற்பத்தொரு பாயிண்ட் சேர்த்திருந்தான். அந்த நாற்பத்தொன்றுக்காக எத்தனை நாள் வெறும் படகோடு கரைக்கு வந்திருப்பான் என்பது அண்ணிக்குத்தான் தெரியும். ஒருவனுடைய பாயிண்டை இன்னொருவன் கேட்கமாட்டான். அந்தக் கரையில் அது மரியாதை.

ஒரு நாள் பெரிய அலை அடித்துக் கருவியின் திரை செத்துவிட்டது. உயிர் இருந்தது, பீப் என்று சத்தம் வந்தது, திரையில் மட்டும் எதுவும் தெரியவில்லை. "எனுக்கு இங்கிலீசு வராதுடா, கூட வா" என்றான். அப்படித்தான் இருவரும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் தொடுதிரை வைத்த பெரிய கருவி ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"சார், இதுதான் லேட்டஸ்ட். அப்படியே போன் மாதிரி. கலர் மேப்."

"ஈரக் கையில தொட்டா வேல செய்யுமா?" என்று அண்ணன் கேட்டான்.

"உங்க அண்ணனுக்கு ஒரு வாரத்துல பழகிரும் சார்" என்றார் அவர், என்னைப் பார்த்து.

எனக்கும் அந்தத் திரை பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். "இத்தயே எடுத்துக்கண்ணா, சூப்பரா கீது" என்றேன். அண்ணன் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தான். வண்ணமெல்லாம் வெளுத்துப் போய், திரையில் அவன் முகம்தான் தெரிந்தது. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கண்ணாடிப் பெட்டியின் மூலையில் தடித்த பொத்தான்களோடு சின்னதாக ஒன்று இருந்தது. அதைக் கேட்டான்.

"இது சார்ஜ் போடறதா, பாட்டரி மாத்தறதா?"

"பாட்டரிதான். பழைய மாடல்ப்பா அது."

"கடல்ல எங்க சார்ஜ் போடறது? தண்ணில உழுந்தா மெதக்குமா?"

கடைக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தடவினான். பார்க்காமலே எது எங்கே என்று தெரிகிறதா என்று பார்த்தான். "இது போதும்" என்றான். அந்தக் கடையில் கருவியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனிடம் யாரும் பேசவில்லை, நான் உட்பட.

பழைய கருவியில் இருந்த பாயிண்ட்களைப் புதியதில் ஏற்றித் தர முடியும் என்றார் கடைக்காரர். "பழசை வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு ரெடியா இருக்கும்."

அண்ணன் கருவியை விடவில்லை. "இப்பவே ஏத்த முடியாதா? நான் இங்கியே குந்திகினு கீறேன்."

"அதுக்கு வேற கேபிள் வரணும்ப்பா."

எனக்கு மதியம் கடைக்குப் போக வேண்டும். மேனேஜர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பொறுமை போய்விட்டது. "குடுண்ணா. உன் பாயிண்ட்ட வெச்சிக்கினு அவரு இன்னா மீனா புடிக்கப் போறாரு?" என்றேன்.

அண்ணன் கொடுத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து அண்ணிதான் போன் செய்தாள். லூப் ரோட்டில் மீன் விற்றுக்கொண்டே பேசினாள். பின்னால் ஆட்டோ ஹாரன். அன்று விடியற்காலை அண்ணன் தன்னுடைய மிக நல்ல பாயிண்டுக்குப் போயிருக்கிறான். அங்கே ஏற்கெனவே மூன்று படகுகள். வடக்கே வேறு குப்பங்களிலிருந்து வந்த ஆட்கள், முகமே தெரியாதவர்கள். வழி தவறி வந்திருப்பார்கள் என்று நினைத்து அடுத்ததற்குப் போனால் அங்கேயும் இரண்டு. அதில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தபோது அவன் கள்ளமில்லாமல் தன் புதுக் கருவியை நீட்டிக் காட்டியிருக்கிறான். "கடையிலயே ஏத்திக் குட்த்தாங்கண்ணா, நாப்பத்தோரு பாயிண்டு. ஃப்ரீ." திரையில் சங்கரா என்பதை அண்ணன் தப்புத் தப்பாக ஆங்கிலத்தில் அடித்து வைத்த அதே எழுத்துகள், அதே வரிசையில்.

நான் புடவைக் குவியலுக்கு நடுவில் நின்றிருந்தேன். மேனேஜரிடம் சொல்லக்கூட இல்லை, இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

அண்ணி வியாபாரத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் விட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்தாள். அந்தக் கடையின் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறினாள்.

"இன்னா நைனா, எம் புருசன் பதினோரு வருசமா தேடி வெச்சத நீ ஊருக்கே ஃப்ரீயா குட்த்துகினு கீறியாமே?"

"யம்மா, சத்தம் போடாதீங்க. கஸ்டமர்லாம் இருக்காங்க."

"அப்ப நாங்க இன்னா, காக்காவா?"

கடைக்காரர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "சார், நீங்க படிச்சவரு, உங்களுக்குப் புரியும். கடல் யாருக்கும் சொந்தமில்ல. சாட்டிலைட் எல்லாருக்கும் பொது. இப்பல்லாம் பாயிண்ட் போட்டுக் குடுத்தாத்தான் புது பீஸ் விக்குது. நான் ஒண்ணும் திருடலையே சார், உங்க அண்ணனோடது உங்க அண்ணன்கிட்டயேதான இருக்கு?"

நான் மேஜைமேல் குனிந்தேன். "அப்போ உங்க கஸ்டமர் போன் நம்பர் எல்லாத்தையும் எனக்கு ஒரு காப்பி குடுங்க. எதிர்க்கடையில குடுத்துட்டு வரேன். உங்களோடது உங்ககிட்டயேதான இருக்கப் போவுது."

"அது எப்படி சார் முடியும்? அது என் தொழில்."

அவர் அதைச் சொன்ன விதத்தை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. வேஷமே இல்லை. உண்மையாகவே அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருடையது தொழில், அண்ணனுடையது கடலில் சும்மா கிடந்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக நினைவில்லை, தொண்டை இரண்டு நாள் கட்டியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. சமாதானமாகக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டி, "தண்ணி உள்ள போவாது, ஃப்ரீயா வெச்சிக்குங்க" என்றார். அண்ணி அதை வாங்கி, நிதானமாக ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் போனேன். அண்ணன் படகின் நிழலில் உட்கார்ந்து தூண்டில் முட்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எதுக்குடா அங்க போய்க் கத்திக்கினு?" என்றான். "அவன் கேட்டான். குடுன்னு சொன்னது யாரு?"

அவ்வளவுதான். தலை நிமிரக்கூட இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

மூன்று படகு ஆறாயிற்று. வலை வேறு போட ஆரம்பித்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் அந்தப் பாறைகளில் சங்கரா கிடைப்பதே அரிதாகிவிட்டது. அண்ணன் இப்போது இன்னும் தூரமாகப் போகிறான், இருட்டோடு கிளம்பி வெயில் சாய்ந்த பிறகு வருகிறான். ஐம்பது வயதில் முதலிலிருந்து தேடுகிறான். அதை நினைக்கும்போதெல்லாம் கடைக்காரர் மேல் ஒரு பங்கும் என் மேல் இரண்டு பங்குமாகக் கோபம் வருகிறது. அந்த மதியம் நான் ஓடிப்போய் விற்ற புடவைகள் எவை என்று ஒன்றுகூட நினைவில்லை.

எனக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை வேறு வேலையாகச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போனபோது, அந்தப் படியில் ஒருவர் பழைய கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். ஓடிப்போய் மறித்தேன். "பழச மேல குடுத்துட்டு வராதீங்க. உங்க கண்ணு முன்னாடியே ஏத்தச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீ யாருப்பா?" என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டார். ஏறிப் போனவர் அரை மணி நேரத்தில் இறங்கி வந்தார், இரண்டு கருவியும் கையில். "கேபிள் இப்பவே கீதாம்ப்பா" என்றார்.

கேபிள் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

அடுத்த செவ்வாயும் போய் நின்றேன். அதற்கடுத்ததும். கடைக்காரர் இறங்கி வந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிடவில்லை. ஆறாவது வாரம் போனபோது கடைக்கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "பழைய பாயிண்ட்கள் உங்கள் கண் முன்னே புதிய கருவிக்கு மாற்றித் தரப்படும். உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு."

அண்ணியிடம் படித்துச் சொன்னேன். "இத்தயும் வெச்சி யாவாரம் பண்றான் பாரு" என்றாள்.