புனாக்காவில் ஏழுமலை தூங்கிய மதியம்

நவம்பர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலம் வரை போகும் மின்ரயிலுக்காக மூன்று பேர் நின்றோம். வருவாய்த் துறையில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற நான். மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரியிலிருந்து பஸ்ஸேறி வந்து பல வருடங்களாக என் வீட்டுக்கு மீன் கொடுக்கும் அஞ்சலை. அவர் கணவர் ஏழுமலை. பெயரில் ஏழு மலை இருந்தாலும் மனிதர் ஏறியது திருப்பதி ஒன்றுதான், அதுவும் பஸ்ஸில்.

அவர்களுடைய மகள் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறாள். பெற்றோரை ஒருமுறை பூட்டானுக்கு அனுப்ப வேண்டுமென்று பணம் சேர்த்தவள், எந்த ஜன்னலில் எந்தத் தாளை நீட்டுவது என்று தெரிந்த ஆள் துணைக்கு வேண்டுமென்று என்னைக் கேட்டாள். என் மனைவி அமெரிக்காவில் பேரனுக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்ததால் என்னைத் தடுக்க யாருமில்லை. வாடைக்காற்று வீசும் மாதம். கடல் முரண்டு பிடிக்கும், படகுகள் கரையில் கிடக்கும். மீன்பிடிக்கப் போகும் ஏழுமலைக்கும் வராமலிருக்கச் சாக்கு இல்லை.

பூட்டான்தான் வேண்டுமென்று கேட்டது அஞ்சலை. காரணத்தை விமானத்தில் சொன்னார்.

"தெனம் ஐசு வாங்கறேன் சார். ஒடைக்கறேன், மீன் மேல கொட்றேன், கரைஞ்சி பூடுது. அங்க யாரும் காசு குடுக்காமயே ஐசு சும்மா கெடக்குதாமே. அத ஒரு தபா பாக்கணும்."

இமயமலையைப் பார்க்க இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேட்டதில்லை.

மதியம் பாக்டோக்ராவில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். எல்லை ஊரான ஜெய்காவ் வரை சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். தேயிலைத் தோட்டங்கள் முடிந்த இடத்தில் ஒரு வண்ண வளைவு. அந்தப் பக்கம் புன்ட்ஷோலிங், வேறு நாடு. கடிகாரத்தை அரை மணி முன்னால் திருப்பிக்கொண்டோம். அனுமதி அலுவலகத்துக்கு எல்லா ஆவணங்களிலும் மூன்று பிரதி எடுத்து, சுயசான்றொப்பம் இட்டு, நூல் கோத்து வைத்திருந்தேன். அங்கிருந்த பெண் அதிகாரி வாக்காளர் அட்டைகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலைக்கு ஓர் இரவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டணம் வாங்கினார், சிரித்தபடி என் பிரதிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஓர் அரசாங்கம் இவ்வளவு அலட்சியமாக இயங்குவதைப் பார்க்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை காலை எங்கள் வழிகாட்டியும் ஓட்டுநருமான சோனம் வண்டியோடு வந்தார். திம்புவுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். சாலை மலையைச் சுற்றவில்லை, மேகத்துக்குள் ஏறியது. ஒரு வளைவில் சமவெளி கீழே நீலமாகக் கிடந்தது. அடுத்த வளைவில் அதை யாரோ துடைத்து எடுத்துவிட்டார்கள். அருவிகள் மேகத்திலிருந்து தொடங்கி மேகத்திலேயே முடிந்தன. பைன் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்த ஏழுமலையின் கண்கள் சிவந்திருந்தன.

இரவு தூங்கவில்லையா என்று கேட்டேன்.

"சத்தமே இல்லியே சாரே. கடலு நின்னு பூட்ட மாதிரி கீது. கடலு நின்னா எவனாச்சும் தூங்குவானா?"

பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்த மனிதர். சிரித்து அதை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை என்பதை மெத்தையின் கணக்கில் எழுதியிருந்தேன்.

திம்புவில் போக்குவரத்து விளக்கு கிடையாது. வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் நடனம்போல் கையசைக்க, வண்டிகள் ஹாரன் இல்லாமல் நகர்கின்றன. சந்தைக்குப் போனோம். பூட்டானில் மீன் பிடிப்பது பாவம். சாப்பிடுவது அப்படியல்ல போலிருக்கிறது, கருவாடு இந்தியாவிலிருந்து வருகிறது. அஞ்சலை ஒன்றை எடுத்து வளைத்தார், முகர்ந்தார், மண் இருக்கிறது, உப்பு போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டார். கடைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் முகம் வாடியதைப் பார்த்தால், கருவாட்டு விஷயத்தில் மொழி ஒரு தடை இல்லை என்று தோன்றியது.

இரண்டாம் இரவும் ஏழுமலை தூங்கவில்லை. வியாழன் காலை படியில் தடுமாறினார். மருத்துவமனையில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். தூங்கினால் சரியாகும், தூங்காமல் இதைவிட உயரமான இடத்துக்குப் போகக் கூடாது, இன்னும் ஓர் இரவு இப்படியே போனால் சமவெளிக்கு இறங்கிவிடுங்கள் என்றார்.

அஞ்சலையின் ஐஸ் கிடக்கும் இடம் எங்கள் திட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு இருந்தது. ஃபோப்ஜிகா என்ற உயரமான பள்ளத்தாக்கு. திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வரும், நம் வேடந்தாங்கலுக்கு வெளியூர்ப் பறவைகள் வருவதுபோல. இந்த மாதத்தில் அங்கே விடியற்காலையில் சதுப்பு நிலமெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் என்று சோனம் சொல்லியிருந்தார். ஒரே ஓர் இரவுக்கு அறை போட்டிருந்தோம்.

பிரச்சினை என்றால் தீர்வு உண்டு, தீர்வு என்றால் நடைமுறை உண்டு என்று நம்பியவன் நான். தேவனேரியில் இருக்கும் அவர்கள் மகனிடம் சொல்லி, அலைச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் வந்தது. போனை ஏழுமலையின் காதோரம் வைத்தேன். கண்ணை மூடினார். எனக்குள் ஒரு கோப்பு முடிந்த திருப்தி. சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது வாடைக் கடலு. மண்ண அறுத்துகினு கீது. அவனுக்குப் போன் போடு."

போட்டோம். படகை மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினார். மகனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "முந்தாநாளே ஏத்தியாச்சு நைனா. நீ மொதல்ல தூங்கு."

அன்றும் தூங்கவில்லை. அவர் மட்டுமல்ல, நானும்தான். தலையணையைக் குற்றம் சாட்டி மூன்று தலையணை மாற்றிவிட்டேன்.

வெள்ளி காலை சோனம் ஒரு யோசனை சொன்னார். புனாக்கா திம்புவைவிடத் தாழ்வான இடம், வெயிலும் உண்டு. முதலில் அங்கே இறங்குவோம்; பிறகு மேலேயா, திரும்பிச் சமவெளிக்கா என்று முடிவு செய்யலாம். வழியில் தோச்சு லா கணவாய், மூவாயிரத்து நூறு மீட்டர்; நர்ஸ் சொன்னதை மீறும் உயரம்தான், ஆனால் சில நிமிடத்தில் தாண்டி இறங்கிவிடலாம் என்றார். வானம் தெளிந்தால் பனிச்சிகரங்கள் வரிசையாகத் தெரியும் இடம். எங்களுக்கு வெள்ளை மேகம் மட்டும் தெரிந்தது. நூற்றெட்டுச் சிறு ஸ்தூபிகள் அதில் மிதந்துகொண்டிருந்தன. அஞ்சலை சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, மலை இருக்க வேண்டிய திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

இறங்க இறங்க உலகம் மாறியது. பைன் போய் வாழை வந்தது. ஆரஞ்சு மரங்கள், அறுத்த நெல் வயல்கள், கூரைகளில் காயும் சிவப்பு மிளகாய். புனாக்காவில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஒன்றை ஆண் என்கிறார்கள், மற்றதைப் பெண் என்கிறார்கள். கூடுமிடத்தில் வெள்ளைச் சுவரோடு ஒரு பெரிய கோட்டை, ஏதோ கப்பல் நங்கூரம் போட்டதுபோல் நிற்கிறது.

கோட்டையைப் பார்க்க ஏழுமலை வரவில்லை. கூழாங்கல் கரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் திரும்பி வந்தபோது பதினொன்றரை. வெயிலில் சுட்ட கற்களின் மேல் துண்டை விரித்து, வாய் திறந்து, மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆற்றின் சத்தம் கடலைப் போல வந்து வந்து போகவில்லை, வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து தன் நிழல் அவர் முகத்தில் விழும்படி நகர்ந்துகொண்டார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய தொங்குபாலம் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே துறவிகள் சிவப்புப் புள்ளிகளாகக் கடந்து போனார்கள். எல்லாம் யாரோ ஒருவருடைய கனவில் நடப்பதுபோலவும், அந்த ஒருவர் எங்கள் காலடியில் குறட்டை விடுவதுபோலவும் இருந்தது.

இரண்டு மணிக்கு சோனம் வந்து கடிகாரத்தைக் காட்டினார். இப்போது கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் ஃபோப்ஜிகா. இருட்டில் அந்தப் பனிமூட்டச் சாலையில் ஓட்ட மாட்டார். இப்போது தூங்கியாகிவிட்டதே, இனி மேலே போகலாம் என்பது என் கட்சி. எழுப்பச் சொன்னேன். இன்று போகாவிட்டால் அறைப் பணமும் போய்விடும், சனிக்கிழமை திரும்பும் வழியில் இருக்க வேண்டும், உங்கள் ஐஸ் இனி இல்லை என்று விதிகளை எடுத்துச் சொன்னேன்.

அஞ்சலை கணவரைத் தொடக்கூட இல்லை.

"ஐசுக்குக் காசு குடுத்துக்கலாம் சார். இதுக்கு எங்க போய்க் குடுக்கறது?"

சர்வீஸில் எத்தனையோ மேல்முறையீடுகளைப் பார்த்தவன். இதற்கு மேல் எங்கே போவது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கல்லில் உட்கார்ந்தேன். சோனம் ஆரஞ்சு வாங்கி வந்தார். ஏழுமலை விழித்தபோது மலை நிழல் ஆற்றைக் கடந்திருந்தது.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க?" என்றார்.

"ஒன்னியத்தான் பாக்க வந்தோம், இம்மாம் தூரம்," என்றார் அஞ்சலை.

அன்றிரவு ஆற்றோரமாகவே ஒரு விடுதியில் தங்கினோம். ஏழுமலை மறுபடி தூங்கினார்.

சனி விடிந்ததும் திரும்பும் வழியில் மீண்டும் தோச்சு லா. மறுபடியும் மேகம், சிகரங்களுக்கு எங்கள்மேல் ஏதோ கோபம். சோனம் மட்டும் வண்டியை நிறுத்தி, தேநீர்க் கடையின் பின்பக்கம் போனார். நிழலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே உறைந்திருந்ததை உடைத்து, கண்ணாடிச் சில்போல் ஒரு துண்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அஞ்சலையிடம் நீட்டினார்.

அஞ்சலை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தட்டினார். தொழில் முகம் வந்துவிட்டது.

"மெல்லிசு. மதியம் வரைக்கும் மீன் தாங்காது." பிறகு அதை ஏழுமலையின் பின்கழுத்தில் வைத்தார். அவர் போட்ட கூச்சலில் ஸ்தூபிகளுக்கிடையே சுற்றிய ஒரு நாய் ஓடியது. ஐஸ் கரையும் வரை அஞ்சலை அதைக் கீழே போடவில்லை. கை சிவந்தும் போடவில்லை.

திங்கட்கிழமை செங்கல்பட்டு. என் வீடு ரயில் பாதையை ஒட்டியது. சரக்கு ரயில் போனால் ஜன்னல் கம்பி நடுங்கும். அது போடும் ஹாரனை எதிர்த்து இதுவரை ஆறு மனு எழுதியிருக்கிறேன். அன்று படுத்தேன். ரயில் வந்தது, ஹாரன் அடித்தது, கம்பி நடுங்கியது. மெத்தையும் தலையணையும் நிரபராதிகள் என்று தெரிந்துகொண்டே தூங்கிப்போனேன்.

மறுவாரம் அஞ்சலை வஞ்சிரத்தோடு வந்தார். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் வாசலில் சொட்டியது. ஏழுமலை தூங்குகிறாரா என்று கேட்டேன். நன்றாகத் தூங்குகிறாராம், ஆனால் அந்த ஆறு மாதிரி இல்லை, இது விட்டு விட்டு அடிக்கிறது என்று கடலைக் குறை சொல்கிறாராம்.

அவர் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஹாரன் விஷயமாக ஏழாவது மனுவுக்கு வாசகம் வேண்டும் என்றார். ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். ஒரு மனுவை வலியில்லாமல் கொல்ல இதைவிட நல்ல நடைமுறை எங்கள் துறையில் இருந்ததில்லை.