ஓடட்டும் அண்ணன்

டீக்கடை முன்னால் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுவார். இன்ஜினை மட்டும் நிறுத்த மாட்டார். பின்சீட்டில் மனைவி காவல். இவர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு குடிப்பார். அந்த அம்மாள் குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்து சிந்தாமல் குடிக்கக் கற்றுக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

"நான் டீ குடிக்க வந்தேனா, இதுக்கு வாட்ச்மேன் வேலை பாக்க வந்தேனா?"

"ஓடட்டும் விடு. நிறுத்தினா மறுபடி எழுந்திருக்காது."

அவர் ரயில் இன்ஜின் பட்டறையில் ஃபிட்டர். இருபத்தெட்டு வருஷமாகப் பழைய டீசல் இன்ஜின்களோடு குடித்தனம். அவற்றை நிறுத்திவிட்டால் பேட்டரி படுத்துவிடும், பிரேக்குக்கான காற்று இறங்கிவிடும்; கிளப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் வேலை இல்லாதபோதும் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியபடியே நிற்கும். அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும் உள்ளே ஃபேன் சுற்றும். சொந்தப் பெயரைப் பட்டறையில் எல்லோரும் மறந்தாயிற்று. 'ஓடட்டும் அண்ணன்' என்றால்தான் தெரியும்.

இவர் கையில்தான் ஒரு கிழட்டு இன்ஜினைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. உடம்பும் சக்கரமும் பழசு. உள்ளே புகை குறைந்த புது இன்ஜின், கம்ப்யூட்டர். பத்து நிமிஷம் சும்மா நின்றால் தானாக அணைந்துவிடும். காற்று இறங்கினால் தானாகக் கிளம்பும். ஒவ்வொரு குழாயையும் இவரே பொருத்தினார். பொருத்தியது மனசுக்குப் பிடித்தால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். பிடிக்காவிட்டால் தட்ட மாட்டார், கழற்றிவிடுவார்.

முதல் ஓட்டத்தில் அது தானாக அணைந்ததும் இவருக்கு உயிரே போய்விட்டது. வடிகட்டியைப் பிரித்தார், டீசல் குழாயைக் கழற்றினார், அரை நாள் தேடினார். இந்த வேலையை மேற்பார்க்கும் பொறியாளரம்மா வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, அது கெட்டுப்போகல. சொன்ன வேலையைத்தான் செய்யுது" என்றார். பட்டறைக் கூரை அதிர அத்தனை பேரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து சிரித்தாலும், இவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

மேலதிகாரிகள் முன்னிலையில் சோதனை நடந்தது நேற்றுதான். பட்டறையின் பின்பாதைத் தண்டவாளத்தில் இதே வயதில் இன்னும் ஐந்து இன்ஜின்கள் நின்றன. இது தானாகக் கிளம்பினால் அவற்றுக்கும் மறுவாழ்வு. இல்லையென்றால் ஆறும் பழைய இரும்புக்குப் போகும். ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே அடையாளம் சொல்லக்கூடியவர் இவர்.

பத்தாவது நிமிஷம் இன்ஜின் அணைந்தது. யாரோ செருமியதுகூடக் கேட்டது. இவர் கை ஸ்டார்ட் பொத்தானை நோக்கித் தானாகப் போயிற்று.

"அண்ணே, கை!" என்றார் பொறியாளரம்மா.

இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிரேக் காற்றை மெல்லத் திறந்துவிட்டார்கள். காற்றழுத்த முள் இறங்கியது. இன்னும் இறங்கியது. ஒன்றுமே நடக்கவில்லை. "எழுந்திரும்மா" என்று முணுமுணுத்தார். எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு குலுக்கல்; புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் துணுக்குப் புகை. அப்புறம் சுத்தமான வானம்.

"எழுந்திருச்சிருச்சு! யாரும் தொடலியே, தானா எழுந்திருச்சிருச்சே!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பின்பாதை ஐந்துக்கும் அங்கேயே சாக்பீஸில் புதுப்பிக்கும் வரிசை எண் போட்டார்கள்.

அன்று மாலையும் வழக்கமான டீக்கடை. ஸ்டாண்டு போட்டவர் கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பினார். சத்தம் நின்றது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வண்டி படுத்துடுச்சா?"

பின்சீட்டு அம்மாளுக்கும் அதே சந்தேகம். "ஐயையோ, வீட்டுக்கு நடந்தா போகணும்?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மனைவியைப் பார்த்து, விரல் முட்டியால் அங்கே இரண்டு தட்டு தட்டினார்.