கண்ணால் எடுத்த காப்பிக்கொட்டை

காப்பிக்கொட்டைக் கடையில் அவருக்கு நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் மனமில்லை. ஒரு டப்பாவைத் திறப்பார், மூக்கருகே கொண்டுபோவார், மூடுவார், அடுத்ததைத் திறப்பார். எதிலும் மணமே இல்லை. போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது மோப்ப சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மற்றவர்களுக்கென்றால் காப்பி ருசிக்கவில்லை என்பதோடு போகும். இவருக்கோ பிழைப்பே அதுதான். வீடுகளில் கேஸ் குழாய் பொருத்துகிறவர். கசிவைக் கண்டுபிடிக்க எல்லோரையும்போல சோப்பு நுரை வைத்திருந்தாலும், வாசலில் கால் வைத்ததுமே "எங்கேயோ கசியுது" என்று சொல்லிவிடுவார். அதற்காகவே தேடி வந்து கூப்பிட்டார்கள். 'மோப்பக்காரர்' என்று பட்டப்பெயர் வேறு. விஷயம் தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? சொல்லாமலே வேலைக்குப் போய், ஏதாவது ஒரு வீட்டில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

"என்ன மாமா, இன்னிக்கு இவ்ளோ யோசனை?" என்றான் கடைக்காரன். இவருடைய மனைவியின் தம்பிதான் அவன்.

"ஒண்ணுமில்ல மாப்ள."

வேறு வழியில்லாமல் கண்ணை நம்பினார். எண்ணெய் பளபளத்த கொட்டையாகப் பார்த்து அள்ளினார்.

"நீங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அவன் பார்க்காமலே கட்டிக்கொடுத்தான்.

வீட்டில் அரைத்துவிட்டு மூடியைத் திறந்த மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, சிக்கு வாடை குப்புன்னு அடிக்குது! என்னைக்கோ வறுத்த கொட்டை, எண்ணெய் கக்கிக் கெடக்கு. நீங்களா எடுத்தீங்க?"

"உன் தம்பிதான்..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே பொய் வரவில்லை.

அவள் அவரையே பார்த்தாள். "காலையில பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, வீடு பூரா கேஸ் நாத்தம். நான் ஓடி வந்து மூடுறேன், பக்கத்துல உக்காந்திருந்த நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல." அவள் குரல் உடைந்தது. "நேத்து போட்ட சண்டையில, வேணும்னேதான் எந்திரிக்கலைன்னு நெனச்சேன். பாவி நான், அப்படி நெனச்சுட்டேங்க."

நாளை அவர் போகவேண்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் தாய், "நீங்க வந்து சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லியிருந்தாள். போனை எடுத்தார்.

"நாளைக்கு வேற ஆளை அனுப்புறேம்மா" என்றார். "எனக்கு வாசனை தெரியல."