விஜயலெட்சுமியின் நடுவே இருந்தது

நிஷாந்த் கடையில் இருக்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் பதுளையில் பாதிப்பேர் கல்யாணத் தேதியே குறிக்கிறார்கள். இதை நிஷாந்த்தான் சொல்வான். அவன் சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் உண்மைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஸீல் நானாவின் கொம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பியும் கார்டும் பேனரும் கண்ணீர் அஞ்சலியும் அங்கேதான். அந்தக் கடைக்கு ஒரு பெயர் உண்டென்றால் அது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து தினம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் இவனால்தான்.

இவனுடைய கெட்டித்தனம் ஒன்றே ஒன்று. நீளப் பெயரை எங்கே உடைக்க வேண்டும் என்று இவனுக்குத் தெரியும். மற்றக் கடைகளில் அடித்த கார்டைப் பாருங்கள். மேல் வரியில் "விஜயலெட்" என்று நிற்கும், கீழ் வரியில் "சுமி" விழுந்து கிடக்கும். மாப்பிள்ளைக்கு இரண்டு பெண் பார்த்த மாதிரி. நிஷாந்த் கையில் அது "விஜய" என்று மூச்சுவிட்டு, அடுத்த வரியில் "லெட்சுமி" என்று அழகாக உட்காரும்.

எப்படி என்றால், கம்பியூட்டருக்குள் அகலமே இல்லாத ஒரு எழுத்து இருக்கிறது. திரையிலும் தெரியாது, தாளிலும் தெரியாது. "இடம் போதாவிட்டால் இங்கே உடைத்துக்கொள்" என்று கம்பியூட்டரின் காதில் மட்டும் சொல்லிவிட்டு மறைந்து நிற்கும். நிஷாந்த் அதற்கு ஊமை வெட்டு என்று பெயர் வைத்திருந்தான். கொஞ்சம் நீளமான பெயர் எதைக் கண்டாலும் கை தானாகப் போய் ஒரு ஊமை வெட்டைப் போட்டுவிடும். சிலர் சாப்பாட்டைப் பார்க்காமலே உப்புப் போடுவார்களே, அந்த மாதிரி.

இந்தமாதிரி ஊமைகளைக் காட்டுவதற்கு அவனுடைய மென்பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் இடைவெளிக்கு ஒரு புள்ளி, வரி முடிவுக்கு ஒரு கொக்கி, ஊமை வெட்டுக்கு ஒரு ரோசாக் கீறல் என்று திரை முழுக்க முளைக்கும். ஒருநாள் பசறையிலிருந்து மகளின் கார்டுக்கு வந்த ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள்.

"ஐயோ தம்பி, என்னா இது? எம்மக பேருக்கு அம்மை போட்டிருக்கு!"

அன்றைக்கு அணைத்த பொத்தான்தான். பிறகு அவன் அதைத் தொடவே இல்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்ட வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. லயத்துக்கு மேலே மேட்டில் தனித்தனி வீடு, தனித்தனி வாசல். நிஷாந்த் குடியிருந்தது பெண்டாட்டி விஜயலெட்சுமியின் காம்பராவில். தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுப்பவள் அவள்தான், ஆகவே வீடு கிடைத்தாலும் அவள் பெயருக்குத்தான் கிடைக்கும். ஒரே அறையான அந்தக் காம்பராவில் நடுவே சேலையைக் கட்டி அந்தப்பக்கம் அவளுடைய அண்ணன் குடும்பம், இந்தப்பக்கம் இவர்கள். அண்ணன் இருமினால் இவன் தலையணை ஆடும். அந்தச் சேலைக்கு இந்தப்பக்கம் படுத்துக்கொண்டு விஜயலெட்சுமி ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: கதவு உள்ள ஒரு வீடு.

தோட்டத் தலைவர் விண்ணப்பப் பட்டியலை நிஷாந்திடமே கொடுத்தார்.

"நம்ம வீட்டுப் புள்ள நீயே அடிச்சுக் குடு. கல்யாணக் கார்டு மாதிரி இருக்கணும், என்ன?"

கல்யாணக் கார்டு மாதிரியே இருந்தது. பெயருக்கான கட்டம் ஒடுக்கம், தோட்டத்துப் பெண்களின் பெயர்களோ நீளம். அங்காளபரமேஸ்வரி என்று ஒருத்தி, அடுத்த லயம், புருசன் இல்லாதவள். அவள் பெயருக்கு இரண்டு ஊமை வெட்டு. பெண்டாட்டி பெயருக்கு ஒன்று, மிகுந்த பிரியத்தோடு. முருகையா, இராசையா மாதிரிக் குட்டைப் பெயர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பிரதியைக் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்டினார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் தங்கள் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோப்பே அப்படியே ஈமெயிலில் பதுளைக் காரியாலயத்துக்கும் போனது.

காரியாலயத்தில் பெயரை உறுதிப்படுத்தும் நாள். ஸிஹாமா மிஸ் கம்பியூட்டர் முன்னால் இருந்து ஒவ்வொரு பெயராகத் தட்டித் தேடினார். முருகையா வந்தார். இராசையா வந்தார். விஜயலெட்சுமி வரவில்லை.

"உங்கட பேர் இல்லையேம்மா."

"இருக்கு மிஸ். மடுவத்துல ஒட்டியிருக்கே."

மிஸ் கெட்டவர் அல்ல. பட்டியலை மெல்ல இறக்கிப் பார்த்தார். "ஓம், இந்தா இருக்கு. எனக்குத் தெரியுது. ஆனா தேடினா வர மாட்டேங்குது. தேடி வந்தாத்தான் இந்தப் பச்சைப் பொத்தானை அமத்தலாம்."

"அடையாள அட்டை நம்பரைப் போட்டுப் பாருங்களேன் மிஸ்."

"அந்தப் பெட்டி இன்னும் வேலை செய்யல்லம்மா. பேரால மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்பச் சொல்லுங்க."

அங்காளபரமேஸ்வரிக்கும் அதே பதில். நீளப் பெயர்க்காரிகள் அத்தனை பேருக்கும் அதே பதில். கண்ணுக்குத் தெரிகிற ஆட்களைக் காணவில்லை என்று சொல்வதற்கு இந்த நாட்டில் முன்பெல்லாம் குடியுரிமைச் சட்டம் போட வேண்டியிருந்தது. இப்போது ஒரு தேடல் பெட்டி போதும்.

விஜயலெட்சுமி கடைக்கே வந்துவிட்டாள். "என்னத்த அடிச்சுக் குடுத்தீங்க? ஊருக்கெல்லாம் பொண்ணு மாப்புள பேரு அடிக்கிறீங்க, கட்டின பொண்டாட்டி பேரு அடிக்கத் தெரியலையா?" என்று வாடிக்கையாளர் முன்னால் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

நிஷாந்த் கோப்பைத் திறந்து அவள் பெயருக்குள் அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டு போனான். வி, ஜ, ய. அதற்கு அடுத்த தட்டுக்குத் திரையில் மினுங்கும் கோடு நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு தட்டு, அப்போதுதான் லெ பக்கம் போனது. மிஸ் தட்டித் தேடிய பெயரில் இந்த ஊமை இல்லை, ஆகவே கம்பியூட்டருக்கு இரண்டும் வேறு பெயர். பொத்தானை அழுத்தினான். பட்டியல் முழுக்க அம்மை போட்டிருந்தது.

பின்னால் நின்ற பஸீல் நானா பார்த்தார். "என்ன தம்பி, எல்லாம் உன்ட கைவேலையா?"

"ஆமா நானா. இருக்கிற ஊமையெல்லாத்தையும் ஒரேயடியா அழிக்கிற வழி ஒண்ணு இருக்கு."

"அது வேணாம்!" நானா அலறினார். காரணம் இருந்தது. முன்பொருமுறை இவன் ஒரு கார்டில் அப்படித் துடைத்தெடுத்தான். மூன்று மொழிக் கார்டு. சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுதுவதற்கே அகலமில்லாத ஒரு எழுத்து உள்ளே வேண்டும். அது போனதும் மணமகனின் பெயர் கால் வேறு கை வேறாகக் கிடந்தது. அரபு வரியில் வலமிருந்து எழுது என்று சொல்லிக்கொண்டு மறைந்திருந்த திசைக்குறியும் போய், அடைப்புக்குறி மறுகோடிக்கு ஓடிவிட்டது. "அந்தப் பட்டியல்ல சிங்களப் பேரும் இருக்கு. ஒண்ணொண்ணாப் பாத்து எடு. கொஞ்ச நேர வேலை."

இந்த இடத்தில் மென்பொருள் செய்யும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா ஊமையையும் எப்போதும் காட்டினால் சனம் அம்மை என்று பயந்து அணைத்துவிடும். எதையுமே காட்டாவிட்டால் நடப்பதை மேலே பார்த்தீர்கள். தெரியாததையெல்லாம் துடைத்தால் சிங்களத்தின் காலை வெட்டுவீர்கள். ஆகவே இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதைச் சும்மா விடுங்கள். ஒரு தமிழ்ப் பெயரின் நடு வயிற்றில் வேலையில்லாமல் நிற்பதற்கு மட்டும், யாரும் பொத்தானைத் தேடாமலே, சின்னதாக ஒரு கீறல் போடுங்கள். கோடு அதன்மேல் ஏறும்போது அது யார் என்று பெயரைச் சொல்லுங்கள். தேடும்போது அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இவ்வளவுதான். ஆனால் உங்களால் காட்ட முடியாத ஒரு ஊமையும் உண்டு. அது அன்றைக்கு நிஷாந்தின் மனதுக்குள் நின்றது.

வீடுகள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். மற்ற நீளப் பெயர்க்காரிகள் வெள்ளிக்கிழமை தாண்டியும் காணாமலே இருந்தால், விஜயலெட்சுமிக்கு வீடு நிச்சயம். நானா தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அவன் ஒரே ஒரு கீறலை எடுத்தான். பெண்டாட்டியின் வரியை மட்டும் திருத்தமென்று அனுப்பினான். பிறகு பொத்தானை அணைத்தான். திரை சுத்தமாக, அழகாக இருந்தது.

அவன் பஸ்ஸால் இறங்கும்போது அங்காளபரமேஸ்வரி காத்து நின்றாள்.

"தம்பி, எம்பேரையும் பாத்தியாப்பா?"

"பாத்தேன்க்கா. ஒங்க பேரு ரொம்ப நீளம். கம்பியூட்டர்ல ஏற மாட்டேங்குது."

"எங்கப்பன் வச்ச பேருப்பா" என்று அவள் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கொறைச்சாச்சும் போட்டுப் பாரேன்."

"பாக்குறேன்க்கா" என்றான். பார்க்கவில்லை.

காரியாலயத்தில் ஸிஹாமா மிஸ் திருத்தத்தைக் கையில் எடுத்தார். பழைய வரியை மாற்ற வேண்டும், அதற்கு அதைத் தேட வேண்டும். தேடினால் அது வராது. வராததை எப்படி மாற்றுவது? புதிதாகக் கீழே ஒரு வரி ஏற்றினார். தேடினார், உடனே வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினார். இரண்டும் ஒன்றா என்று கம்பியூட்டரைக் கேட்டிருந்தால் இல்லை, வேறுவேறு ஆள் என்று சத்தியம் செய்திருக்கும். ஆட்சேபம் சொல்வதற்காகப் பட்டியலைக் காரியாலயச் சுவரில் ஒட்டினார்கள். தன் பெயர் குறைத்தாவது ஏறியிருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தவள் அங்காளபரமேஸ்வரி.

"மிஸ், இங்க விஜயலெட்சுமி ரெண்டு தடவ இருக்கு. ஒரே லயம், ஒரே நம்பரு. எங்களுக்கு ஒண்ணுக்கே வழியில்ல."

அவளுக்கு ஊமை வெட்டும் தெரியாது, திருத்தமும் தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். இரட்டை விண்ணப்பம் போட்டால் இரண்டும் ரத்து என்று விண்ணப்பத்தின் அடியிலேயே இருந்தது.

மறுநாள் நிஷாந்தும் விஜயலெட்சுமியும் மிஸ்ஸின் மேசை முன்னால். அங்காளபரமேஸ்வரியும் மற்றவர்களும் பின்னால்.

"ரெண்டும் ஒண்ணில்ல மிஸ்" என்றான் நிஷாந்த்.

"எங்க வித்தியாசம்? காட்டுங்க."

"மேல உள்ளதுல நடுவுல ஒண்ணு இருக்கு மிஸ். கண்ணுக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். "பேயா தம்பி?"

"காட்டுற பொத்தான் இருக்கும் மிஸ், அத அமத்துங்க." அவன் மேசைமேல் சாய்ந்து திரை முழுக்கத் தேடினான். காரியாலய மென்பொருளில் அப்படிப் பொத்தானே இல்லை. இரண்டு விஜயலெட்சுமியும் அச்சுப் பிசகாமல் ஒன்றாய் நின்றார்கள். பதற்றத்தில் அவன் வாய் ஓடிவிட்டது. "சத்தியமா இருக்கு மிஸ். நான்தான் போட்டேன். நீளப் பேரு எல்லாத்துக்கும் போட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றது. அங்காளபரமேஸ்வரிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விஜயலெட்சுமிக்கு எடுக்கவில்லை.

"எல்லாத்துக்குமா?" என்றாள். "அன்னைக்குக் கடையில எல்லாத்தையும் பாத்தீங்களா?"

அவன் இன்னும் திரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

மிஸ் கலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை போய் நாளாகிவிட்டது. இரண்டு விஜயலெட்சுமிக்கும் சிவப்புக் கோடு. மற்றவர்களுக்குக் கோடும் இல்லை, ஏனென்றால் தேடினால் வராதவர்களை வெட்டவும் முடியாது. திரும்பும் பஸ்ஸில் விஜயலெட்சுமி பக்கத்தில் இடம் இருந்தது. அங்காளபரமேஸ்வரி ஏறினதும், "வாங்கக்கா, இங்க ஒக்காருங்க" என்று கூப்பிட்டாள். அக்கா அவளைத் தாண்டிப் போய்ப் பின் ஸீட்டில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங்வெளி வரை அந்த இடம் காலியாகவே வந்தது. நிஷாந்த் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தான். உள்ளே வா என்று நடத்துனர்கூடச் சொல்லவில்லை.

வீடுகள் கட்டி முடிந்தன. குட்டைப் பெயர்க்காரர்கள் பால் பொங்கிக் குடிபோனார்கள். காணாமல் போனவர்கள் அத்தனை பேர் என்பதால் வீடு மிஞ்சிவிட்டது. எல்லாக் கீறலையும் நிஷாந்த் எடுத்திருந்தாலும் கூட, பட்டியலின் முன்வரிசையில் இருந்த அவன் பெண்டாட்டிக்கு ஒன்று கிடைத்திருக்கும். மேட்டுக் கடைசியில் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு ஒன்றின் பூட்டு திறந்தது. தலைவர் வீட்டு ஆடு இப்போது அங்கே நிற்கிறது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் வழி அந்த வாசல் வழியாகத்தான். ஆடு தலையால் முட்டி முட்டிக் கதவைத் திறந்துவிடும். விஜயலெட்சுமி தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள்.