கீழ்த்தட்டில் நின்ற யோகன்

மொன்றியலில் ஒரு சட்டத்தரணியிடம் உதவியாளராக இருந்த காலத்தில் நான் பார்த்த வழக்குகளில், ஒற்றைச் சொல்லால் கவிழப் பார்த்தது யோகனின் வழக்கு.

யோகன் திருகோணமலைக்காரர். மொன்றியல் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. கப்பல் கிரேனின் கொக்கி அடித்து வலது கை செயலிழந்துவிட்டது. கப்பல்காரர் வெளிநாட்டவர். பெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டு, கப்பலையே மறித்து வைத்திருந்தோம். அந்தக் கோர்ட் எல்லா வழக்கையும் கேட்காது. சட்டம் கேட்கச் சொன்னதை மட்டுமே கேட்கும். கப்பலில் நடந்த விபத்தைக் கேட்கும். கரையில் நடந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் வழக்கு அங்கே நிற்காது, கப்பலும் விடுபட்டுப் போய்விடும். பிறகு கடலில் யாரைத் தேடுவது?

நீதிபதி இல்லாமல், எழுத்தில் பதிவாகும் முன்விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி யோகனை விசாரித்தார். எங்கே நின்றீர்கள் என்று கேட்டதும், "கீழ்த்தட்டில நிண்டனான்" என்றார் யோகன். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். ஆனால் தட்டு என்றால் அவருக்குச் சாமான் அடுக்கும் தட்டு. பிரெஞ்சில் அப்படியே சொல்லிவிட்டார். எதிர்த்தரப்புக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அப்படியென்றால் கரையிலுள்ள கிடங்கில்தானே நின்றிருக்கிறார் என்று சொல்லி, கேள்வியை முடித்துக்கொண்டார்.

என் முதலாளி சுகந்தி மேடத்தின் காதில், "எங்கட ஆக்கள் கப்பல்ர தளத்தையும் தட்டு எண்டுதான் சொல்லுறவை, மேடம்" என்றேன்.

அவர் சென்னையில் பிறந்தவர். "புரியுது. ஆனா அதை நான் சொல்லக் கூடாது, அவர்தான் சொல்லணும்" என்றார்.

நம் சாட்சியின் வாயில் நாமே சொல்லைத் திணிக்க முடியாது. கப்பல் என்று மேடம் வாயெடுத்தாலே ஆட்சேபம் வரும். நானாக இருந்தால் படபடத்துக் கெடுத்திருப்பேன். மேடம் ஆறுதலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தபோது என்ன தெரிந்தது?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

"வானம்" என்றார் யோகன். "மேல்தட்டு மூடி திறந்து கிடந்தது. அதுக்குள்ளாலதான் கொக்கி வந்தது. ஏணியில ஏறித் தப்ப நேரமில்லை."

மொழிபெயர்ப்பாளர், தட்டு என்றது கப்பலின் தளத்தை என்று தன் முந்தைய சொல்லைத் தானே திருத்தினார். எந்தக் கிடங்குக் கூரையில் வானம் தெரியும்? அந்த விசாரணைப் பதிவைப் படித்த நீதிபதி, வழக்கைக் கேட்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சட்டப் பிரிவைத் தேடுவதற்கு முன், ஆள் எங்கே நின்றார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். அப்படிக் கேட்க மேடத்தைப்போல் தெரிந்த ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

தீர்ப்பு வந்த அன்று யோகன், எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் மேடத்தைக் கும்பிட இடது கையை மட்டும் தூக்கினார். மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதான் வாசல் திறந்திருக்கு, யோகன். வாங்க, உள்ள போகலாம்."