பானையைக் கொடுத்துவிட்டு கேமராவை வாங்கிக்கொண்டார்

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த பிறகு எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹவுராவில் மூடிக் கிடந்த ஒரு இரும்பு வார்க்கும் பட்டறைக்குள் நடந்தது இது.

வார நாட்களில் எனக்கு கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு கேமரா. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பதில்லை. நான் தங்கியிருக்கும் ஜாதவ்பூர் பக்கம் மாணவர்கள் திடீர் திடீரென்று மரத்தடியிலும் மொட்டை மாடியிலும் எதையாவது நிகழ்த்திக் காட்டுவார்கள். ஒருத்தர் மூன்று மணி நேரம் தலையில் நாற்காலியோடு நிற்பார். இன்னொருத்தர் ஒரு அறை முழுக்கப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டு நம்மை உள்ளே நடக்கவிடுவார். முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு போட்டோ மட்டும்தான் சாட்சி. அதைத்தான் நான் எடுப்பேன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கலை எனக்குப் பாதிதான் பிடிபடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விருதுநகரில் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். இந்த மாதிரி இடங்களில் படித்த குடும்பத்து ஆட்கள் தாடையைத் தடவிக்கொண்டு பேசுவதைக் கேட்டால், “தம்பி, நீ எங்கே இங்கே?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று உள்ளுக்குள் உதறும். கழுத்தில் கேமரா இருந்தால் கேட்க மாட்டார்கள். போட்டோ எடுக்க வந்தவன், அவ்வளவுதான். கேமராதான் எனக்கு டிக்கெட். அதனாலேயே அதைக் கழுத்தை விட்டு இறக்கியதில்லை. “ஊரு உலகத்தையெல்லாம் படம் புடிக்கிற, உன் மூஞ்சி ஒண்ணாவது அனுப்பினியாடா?” என்று அம்மா போனில் கேட்காத வாரம் கிடையாது.

என் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கலைஞர் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஊரில் அக்காவை தீதி என்பார்கள். நானும் அப்படித்தான் அழைத்தேன். பட்டறையின் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சணல் கயிறுகளைத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் சுண்டைக்காய் அளவில் ஒரு பித்தளை மணி. பத்து நாள் வேலை. பார்க்க வருகிறவர்கள் கயிறுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். தீதி ஹூக்ளி ஆற்றுத் தண்ணீர் நிறைந்த மண்பானையை ஏந்திக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஒரு மணி நேரம் எடுத்து நடப்பார். அங்கே தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு ஒரே ஒரு முடிச்சை இழுப்பார். அத்தனை கயிறும் மொத்தமாக விழும்.

“ஒரே ஒரு தடவைதான் பாய். விழுந்தா மறுபடி கட்ட முடியாது. அது விழுற படம் எனக்கு வேணும். அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் கேட்டுப் போகும்போது காட்ட என்கிட்ட வேற எதுவும் இருக்காது” என்று இந்தியில் சொன்னார். பாய் என்றால் தம்பி. பார்வையாளர்களின் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, உள்ளே ஒரே கேமரா என்னுடையதுதான்.

என் பழைய கேமராவோ ‘சடக் சடக்’ என்று ஊரைக் கூட்டும். அதனால் அறை நண்பனின் புதுக் கேமராவை இரவல் வாங்கினேன். சத்தமே போடாது. காலையிலேயே போய் எல்லாவற்றையும் சோதித்தேன். ஃபிளாஷை அணைத்தேன், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன், மினுக்கும் சின்னப் பொட்டு விளக்கின் மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டினேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் சோதித்தது ஜன்னல்கள் திறந்திருந்த பகல் வெளிச்சத்தில்.

மூன்று மணிக்கு ஜன்னல்களில் கறுப்புத் துணி இறங்கியது. கூரையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. ஒரு ஐம்பது பேர், மூச்சுச் சத்தம்கூட இல்லை. தீதி நடக்க ஆரம்பித்தார். பாதம் எழுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. அங்கங்கே ஒரு மணி மட்டும் லேசாகச் சிணுங்கியது. ஐந்து நிமிடம் போல ஆனதும் நான் முதல் படத்துக்காக கேமராவைத் தூக்கி பட்டனைப் பாதி அழுத்தினேன்.

கேமராவின் நெற்றியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் பாய்ந்து அவர் முகத்தில் விழுந்தது.

இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதற்காக கேமரா தானே போட்டுக்கொள்கிற விளக்கு. இருட்டில் மட்டும் எரிகிற விளக்கை வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்த புத்திசாலி நான்!

ஐம்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. தீதி அப்படியே நின்றுவிட்டார். என் பக்கத்தில் மங்கி குல்லா போட்ட ஒரு பெரியவர், “கேலோ!” என்று முணுமுணுத்தார். வங்காளத்தில் ‘போச்சு’ என்று அர்த்தம். எனக்கும் அதேதான் தோன்றியது. அவருடைய பத்து நாள் உழைப்பை ஒரு விரலால் கெடுத்துவிட்டேன்.

தீதி மெதுவாகத் திரும்பி என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும். அவர் நடந்த வேகத்துக்கு அதுவே ஏழெட்டு நிமிடம். விறுவிறுவென்று வந்து நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்கு அங்குலம் அங்குலமாக வருகிறார், மொத்தக் கூட்டமும் என்னையே பார்க்கிறது. ஓடிவிடலாம் என்றால் சுற்றிலும் மணி கட்டிய கயிறு!

வந்தார். பானையை என்னிடம் நீட்டினார். என்ன செய்வது என்று புரியாமல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். உடனே என் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு முகவாயால் எதிர்ச் சுவரைக் காட்டினார். நட என்கிறார்!

நடந்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர். பத்து எட்டிலேயே தண்ணீர் என் ஷூவில் தளும்பியது. அப்போது நான் யோசிக்காமலேயே பானை என் இடுப்புக்குப் போய்விட்டது. அம்மா வேலைக்குப் போன நாட்களில் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. ஆம்பளைப் பிள்ளை இடுப்பில் குடம் வைத்து வருகிறான் என்று தெருவில் அத்தனை கேலி செய்வார்கள். வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. இடுப்பு மறக்கவில்லை. பானை அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

பின்னால் தீதி கேமராவைக் கையாள ஆரம்பித்தார். பட்டனைப் பாதி அழுத்தினால் வெளிச்சம் வரும் என்று கண்டுபிடித்துவிட்டார் போல. ஆரஞ்சு வெளிச்சம் ஒவ்வொரு முகமாக விழுந்தது. சிலர் கண்ணை மூடினார்கள், சிலர் சிரித்தார்கள். மங்கி குல்லாக்காரர் முகத்தில் விழுந்ததும் அவர் அவசரமாகக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நின்றார். அவ்வளவுதான், மௌனம் உடைந்து பட்டறையே குலுங்கிச் சிரித்தது. அதோடு விட்டாரா அந்தப் பெரியவர்? எனக்கு முன்னால் வந்து, “சாப்தான்! ஜல் ஆஷ்சே!” என்று வழிவிடச் சொல்லிக் கூவத் தொடங்கினார். பார்த்து, தண்ணீர் வருகிறதாம். கூட்டம் கயிறுகளை ஒதுக்கி வழிவிட, மணிகள் அத்தனையும் கலகலத்தன.

எதிர்ச் சுவருக்கு வந்ததும் தீதியைப் பார்த்தேன். தலையசைத்தார். தண்ணீரைப் பட்டறையின் கறுப்பு மணலில் ஊற்றினேன்; உறிஞ்சிக்கொண்டது. பானையைக் கீழே வைத்துவிட்டு முடிச்சை இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தேன்.

கூரையிலிருந்து மழை கொட்டியது போல அத்தனை சணலும் மணியும் எங்கள் எல்லோர் மேலும் விழுந்தன. சணல் தூசியில் பாதிப் பேர் தும்மினார்கள், மீதிப் பேர் கைதட்டினார்கள். நான் இரண்டையும் செய்தேன்.

வெளியே மண் கோப்பையில் டீ கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க இந்தியில் வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு தீதியிடம் போனேன். அவரோ என்னைப் பேசவே விடாமல் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஒத்திகையில காலிப் பானையோட நடந்தேன் பாய், பைத்தியக்காரி! தண்ணியோட அஞ்சே நிமிஷத்துல கை விட்டுப்போச்சு. இப்ப போட்டு உடைக்கப் போறேன்னு நினைச்ச நேரத்துல நீ லைட் அடிச்ச. கடவுளே ஆள் அனுப்பிட்டார்னு உன்கிட்ட வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்காகச் சொன்னாரோ, நிஜமாகவே அப்படித்தானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மங்கல், நாலைந்தில் அவர் விரலே குறுக்கே நின்றது. ஆனால் கயிறுகள் பாதி அந்தரத்தில் நிற்க, முடிச்சைப் பிடித்தபடி நான் வாயைப் பிளந்து மேலே பார்க்கும் படம் ஒன்று இருந்தது. நான் ஒதுங்கி நின்று எடுத்திருந்தால் அது கிடைத்தே இருக்காது. அந்தப் படத்தைக் காட்டித்தான் தீதி அடுத்த இடத்தைப் பிடித்தார்.

இன்னொரு படத்தை, இடுப்பில் பானையோடு நான் நடக்கிற படத்தை, அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏன்டா, அவ்வளவு படிச்சு அம்புட்டு தூரம் போயும் தண்ணி தூக்கத்தான் விட்டாங்களா?”

“ஆமாம்மா. தூக்கினதுக்கு எல்லாரும் கைதட்டினாங்க.”

“தட்ட மாட்டாங்களா? ஒரு சொட்டுச் சிந்தாம கொண்டாருவியே” என்றார் அம்மா, பெருமையாக. ஷூ நனைந்ததை நான் சொல்லவில்லை.

இப்போது இப்படி எங்கே படமெடுக்கப் போனாலும், முதல் பத்து நிமிடம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, சும்மா ஒரு ஆளாக உள்ளே நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்; நீ எங்கே இங்கே என்று இதுவரை யாருமே கேட்கவில்லை.